இணையாகப் பாடிய குரல்

ஒலிபெருக்கி எட்டிப்பார்க்காத மேடையில் வளர்ந்த குரல் கே. பி. சுந்தராம்பாளுடையது. கொட்டகையின் கோடியில் நிற்பவருக்கும் சொல் சொல்லாகப் போய்ச் சேர வேண்டும். பின்னாளில் ‘மைக்’ முகத்தருகே வந்த பிறகும் அவர் தூரத்தில் நிற்கும் யாரோ ஒருவருக்காகத்தான் பாடினார். அந்தத் தூரம் இன்றும் இசைத்தட்டில் கேட்கிறது.

*

1908-ல் கொடுமுடியில் பிறந்தார். வறுமை. ரயிலில் பாடிய சிறுமி நாடகக் குழுவுக்குப் போய்ப் பிள்ளை வேஷம் கட்டினாள். பிறகு ஸ்திரீபார்ட், அதாவது நாயகி வேஷம்.

*

அவர் நடித்த ஸ்பெஷல் நாடகத்தை நினைக்கும்தோறும் வியப்பு தீரவில்லை. ஒத்திகை கிடையாது. நாயகனாகும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. இரவு பத்து மணிக்கு மேல் மேடையில் சந்திப்பார்கள். விடியும்வரை வள்ளி திருமணம். கதை எல்லோருக்கும் தெரியும், நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் தெரியும். ஆனால் வேலன் இன்று எந்த ராகத்தில் கேள்வியை எடுப்பான், எங்கே நிறுத்துவான் என்பது வள்ளிக்குத் தெரியாது. தர்க்கம் முழுவதும் பாட்டில். எதிரே நிற்பவரைக் கூர்ந்து கேட்டால்தான் அடுத்த அடியை எடுக்க முடியும். இந்தத் தொழிலின் பாதி, காதில் இருக்கிறது.

அப்படிச் சுந்தராம்பாள் கேட்ட குரல் எஸ். ஜி. கிட்டப்பாவுடையது. எட்டாத சுருதியில் அநாயாசமாக நிற்கும் குரல். 1926-ல் இலங்கையில் சேர்ந்து நடித்தார்கள், பிறகு மணந்தும் கொண்டார்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

*

வெள்ளைச் சேலை, திருநீறு. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற தீர்மானம். இதைப் பதிபக்திக் கதையாகவே சொல்லிச் சொல்லி அவரைச் சிலையாக்கிவிட்டோம். அந்தக் காலம் கைம்பெண் மேல் ஏற்றிய பாரம் அதில் இருக்கிறது. அதை அழகுபடுத்த எனக்கு மனமில்லை. ஆனாலும் அதற்குள் ஒரு கலைஞரின் மறுப்பும் இருப்பதாக உணர்கிறேன். தான் கேட்டுக் கேட்டுப் பாடிய குரல் நின்ற இடத்தில் வேறொருவரை நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை.

*

நாயகி வேஷம் போனால் நடிகையின் காலம் முடிந்தது என்று கணக்கிடும் தொழில் இது. அவருக்கு அப்படி முடியவில்லை. 1935-ல் ‘பக்த நந்தனார்’ படத்தில் ஆண் வேடத்தில், நந்தனாராகவே வந்தார். ஒரு லட்ச ரூபாய் சம்பளம். அன்று கேள்விப்படாத தொகை. 1953-ல் ஔவையார். 1964-ல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். காதலியாக நிற்க வேண்டிய கட்டாயம் போனதும், பக்தனாகவும் கிழவியாகவும் துறவியாகவும் அந்தக் குரலுக்கு இடம் விரிந்தது. இடையில் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார்.

சினிமா அவருக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுத்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். மேடை தந்ததைப் பதிந்து வைத்தது. அதற்கு நன்றி.

*

புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் இன்றும் வள்ளி திருமணம் நடக்கிறது. இன்றும் ஒத்திகை இல்லை. முன்னிரவில் பபூன் காமிக் முடிந்ததும் கூட்டம் மெல்லக் கலையும். வள்ளி வருவது அதற்குப் பிறகுதான். வாய்ப்புக் கிடைத்தால் எழுந்து போய்விடாதீர்கள். அந்தப் பெண் பாடி முடிக்கும்வரை உட்கார்ந்து கேளுங்கள்.