களைக்குள் தூண்டில்: பழி யாரைச் சேரும்?

புலன்வழிச் செல்லும் உயிர் கெடும் என்பதை விளக்கத் தமிழ்ச் சமய மரபு நெடுங்காலமாக ஐந்து உயிர்களைச் சான்றாகக் காட்டி வந்துள்ளது. ஊறு எனப்படும் தொடுபுலனால் யானையும், சுவையால் மீனும், ஒளியால் விட்டிலும், நாற்றத்தால் வண்டும், இசைக்கு மயங்குவதாக நம்பப்பட்ட அசுணம் என்னும் உயிர் ஓசையாலும் அழிகின்றன என்றும், ஒரே புலனுக்கு அடிமையான இவற்றுக்கே இந்த நிலை என்றால் ஐந்துக்கும் அடிமையான மனிதனின் நிலை என்னவாகும் என்றும் அந்த விளக்கம் கேட்கிறது. மனிதனுக்கு அறிவுரையாக இது வலுவானதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதில் மீனின் அழிவுக்கு மீனின் நாவே காரணமாக்கப்படுகிறது. இரையைக் கோத்தவனும் முள்ளை மறைத்தவனும் கணக்கில் வருவதில்லை. ஏமாந்த உயிரின் ஆசை, ஏமாற்றியவனின் வினையைக் குறைக்குமா என்பது அறநூல்கள் நேரடியாகத் தொடாத கேள்வி. அதை ஆராய்வதற்குத் தூண்டில் வகைகளுள் மிகவும் நுட்பமாக மறைக்கப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வது பொருத்தமாகும்.

தூண்டிற்காரர்கள் ‘வீட்லெஸ் ஸ்பூன்’ என்று குறிப்பிடும் கருவி, காம்பில்லாத கரண்டியைப் போல் வளைந்த ஒரு பளபளப்பான உலோகத் தகடு. அதன் மீது ஒற்றைத் தூண்டில் முள் அசையாதபடி பற்றவைக்கப்பட்டிருக்கும். முள்ளின் கூர் மேல்நோக்கி நிற்க, தகட்டின் முன்பகுதியிலிருந்து கிளம்பும் மெல்லிய கம்பி ஒன்று அந்தக் கூருக்குச் சற்று மேலே வந்து முடியும். கருவி களைகளினூடே இழுக்கப்படும்போது தண்டும் இலையும் கம்பியில் பட்டு வழுக்கிச் சென்றுவிடுவதால் முள் எதிலும் சிக்குவதில்லை. மீனின் தாடை அழுத்தும்போது மட்டும் கம்பி வளைந்து கொடுக்க, கூர் வெளிப்படுகிறது. கம்பி விறைப்பாக இருந்தால் மீன் கடித்தும் மாட்டாது, தளர்வாக இருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கைப்பிடிக் களையே கரைக்கு வரும் என்பதால், நீரில் இறங்குமுன் அதை விரலால் வளைத்துப் பதம் பார்ப்பதே இந்தக் கலையின் முதற்பாடம். முள்ளில் ரப்பர் வால் ஒன்றைச் செருகினால் தகடு மெதுவாக மூழ்கும். நீளாமல் களையை அறுத்துச் செல்லும் பின்னல் நரம்பு கட்டப்படுகிறது. கோலின் நுனியை உயர்த்திப் பிடித்து இலைகளின் மேல் தகட்டை வழுக்கவிட்டு, இடைவெளி தென்பட்ட இடத்தில் இழுப்பை நிறுத்த வேண்டும். தகடு மினுங்கிக்கொண்டு தாழும் அந்த நொடியிலேயே பெரும்பாலும் கடி விழுகிறது. 1920களில் அமெரிக்காவில் லூயிஸ் ஜான்சன் வடிவமைத்த ‘சில்வர் மின்னோ’ இவ்வகைக்கு முன்மாதிரியாக இன்றும் விற்பனையில் உள்ளது. பெருவாய் பாஸ் என்னும் வட அமெரிக்க நன்னீர் மீனுக்காக அது புகழ்பெற்றது.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து நீர்நிலைகளில் பாஸ் வகிக்க வேண்டிய இடத்தை விரால் வகிக்கிறது. எல்லைப்புறத் தெலுங்கு மக்கள் இதைக் கொர்ரமீனு என்பர். நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் கிழக்கு ஓரத்தைக் கடந்து, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் நகரக் கழிவுநீரையும் ஏற்றுக்கொண்டு ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அங்கிருந்து கிருஷ்ணகிரி அணைக்குச் செல்கிறது. மதகுகளில் வெண்ணுரை மலைபோல் எழும் படங்கள் கெலவரப்பள்ளியைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியுள்ளன. கழிவுநீரில் கரைந்துவரும் நைட்ரஜனும் பாஸ்பரசும் ஆகாயத்தாமரைக்கு உரமாகின்றன. தென்னமெரிக்காவிலிருந்து வந்து இந்திய நீர்நிலைகளைப் போர்த்திவிட்ட அந்தக் களையின் அடியில் ஒளியும் குறைகிறது, கரைந்த உயிர்வளியும் குறைகிறது. கெண்டை வகைகள் திணறும் அத்தகைய நீரில், செவுளுக்கு மேலுள்ள தனி அறையால் மேற்பரப்புக் காற்றை நேரடியாக விழுங்கி உயிர்வாழும் விரால் தாக்குப்பிடிக்கிறது. களையில் சிக்காத தூண்டிலுக்கு இவ்வட்டாரத்தில் இருக்கும் பயன் இவ்வாறு நகரக் கழிவால் உண்டானது.

கரையோரச் சிற்றூர்களில் வழங்கிவரும் பழைய முறை தகட்டையோ ரப்பரையோ நாடுவதில்லை. உயிருள்ள சிறு தவளையை முள்ளில் கோத்து, அது துடிப்பதைக் கொண்டே விராலை இழுப்பது அம்முறை. இன்றைய ரப்பர் தவளையின் இரு முட்களும் முதுகோடு ஒட்டிக் கிடந்து, மீன் அழுத்தும்போது மட்டும் வெளிப்படுகின்றன. ஜான்சனின் கம்பி செய்த வேலையை இங்கே ரப்பர் உடலே செய்கிறது. ஏமாற்று என்ற வகையில் பார்த்தால் புதிய கருவியே மோசமானது. ஏனெனில் பழைய தூண்டிலில் மீனுக்கு உண்மையான உணவாவது இருந்தது. துன்பம் என்ற வகையில் பார்த்தாலோ தவளை தப்புவதால் புதிய கருவி மேலானது. இவ்விரு அளவுகோல்களும் எதிரெதிராகத் திரும்பும் இந்த இடத்தில், எதைக் கொண்டு அளப்பது என்று வள்ளுவரிடம் கேட்கலாம்.

திருக்குறள் மறைந்திருந்து பிடிப்பதை நன்கறிந்த நூல். தவவேடத்துள் ஒளிந்து தீயன செய்பவனைக் கூடாவொழுக்க அதிகாரம் புதருக்குப் பின்னால் பதுங்கிப் பறவை பிடிக்கும் வேடனோடு ஒப்பிடுகிறது. சூது அதிகாரமோ சூதில் கிடைக்கும் வெற்றியைத் தூண்டில் இரும்பை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகிறது. முதல் உவமையில் பழி மறைந்தவனுக்கு, இரண்டாவதில் இழப்பு விழுங்கியவனுக்கு. இரண்டையும் ஒரே நூல் சொல்வது முரண்பாடு அன்று, ஏனெனில் ஒன்று பிறரைக் கெடுப்பவனுக்கான எச்சரிக்கை, மற்றது தன்னைக் கெடுத்துக்கொள்பவனுக்கானது. ஐந்து உயிர்களின் சான்றோ இரண்டாவது உவமையை மட்டும் வளர்த்தெடுத்து முதலாவதை மறந்துவிட்டது என்றே கொள்ளத் தோன்றுகிறது. இன்னும் முக்கியமானது வாய்மை அதிகாரம். தீமை சிறிதும் விளைக்காத சொல்லே வாய்மை என அது வரையறுப்பதால், உள்ளதை உள்ளபடி காட்டினாயா என்ற கேள்வி பின்னுக்குப் போய், உன் செயலால் எவ்வுயிருக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. அந்த அளவுகோலின்படி ரப்பர் தவளையின் பொய், உயிர்த் தவளையின் மெய்யைவிடக் குறைந்த குற்றமே. ஆனால் குற்றமே இல்லை என்று அந்த அளவுகோல் சொல்லவில்லை. மீனின் கணக்கு அப்படியே நிற்கிறது.

மீனுக்கு வலி உண்டா என்ற கேள்வி இங்கே குறுக்கிடும். 2003ஆம் ஆண்டில் லின் ஸ்னெடன் முதலிய ஆய்வாளர்கள், வானவில் டிரவுட் மீனின் தலைப்பகுதியில் தீங்கை உணரும் நரம்பு முனைகள் இருப்பதையும், உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் உதட்டைத் தொட்டியின் சரளைக்கல்லில் தேய்த்ததையும் பதிவு செய்தனர். மனிதருக்குள்ளது போன்ற மூளைப் புறணி மீனுக்கு இல்லாததால் அது வலியை உணர்வதாகக் கொள்ள முடியாது என்று ஜேம்ஸ் ரோஸ் போன்றோர் மறுத்தனர். அந்த விவாதம் முடியவில்லை. ஆனால் உயிர்களை உணர்வின் எண்ணிக்கையால் வரிசைப்படுத்திய தமிழ் மரபுக்கு இது புதிய விவாதம் அன்று. தொல்காப்பிய மரபியலும் சமணமும் ஓரறிவுடைய புல்லையும் மரத்தையும்கூட உயிர் என்றே கொண்டன. பயிர் வாடக் கண்டு வாடிய வள்ளலாருக்கு மூளைப் புறணி பற்றிய தகவல் தேவைப்பட்டிருக்காது.

சமண அறம் இல்லறத்தானுக்கு வகுத்த பாகுபாடு இங்கே மிகவும் உதவுகிறது. கொலையும் துன்புறுத்தலும் நான்கு வகைப்படும் என்பது அது: வேண்டுமென்றே எண்ணிச் செய்வது சங்கல்பி, சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்பி, தொழிலில் நேர்வது உத்தியோகி, தற்காப்பில் நேர்வது விரோதி. பின்னைய மூன்றையும் முற்றும் விலக்க இயலாத இல்லறத்தான் முதலாவதையாவது விட்டுவிட வேண்டும் என்பது அதன் விதி. ஓய்வுநாளில் கோலும் ரீலுமாக அணைக்கரைக்கு வந்து, விராலைப் பிடித்துப் படமெடுத்துத் திரும்ப நீரில் விடும் ஒரு தொழிற்சாலைப் பணியாளரை எண்ணிக்கொண்டால், அவர் கொல்லவில்லை, தின்னவில்லை, விற்கவில்லை. உண்பவர் இல்லையேல் விற்பவரும் இல்லை என்று வாதிடும் புலால் மறுத்தல் அதிகாரம் அவரைத் தொடுவதே இல்லை. ஆயினும் அவர் செய்தது முழுக்க முழுக்கச் சங்கல்பியே. பசி, தொழில், தற்காப்பு என்னும் எந்தக் காரணமும் அதற்கு இல்லை. பிடித்து விடுவது கருணை என்ற பரவலான எண்ணம், கொல்லாமை அதிகாரத்தைப் பார்த்துவிட்டு அதற்கு முந்தைய இன்னாசெய்யாமை அதிகாரத்தைப் பார்க்காமல் விட்டதன் விளைவு. சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகள், திரும்ப விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதையே தடை செய்தன. உண்பதற்காகவன்றி ஓர் உயிரைத் துன்புறுத்தக் காரணமில்லை என்ற அந்த விதியின் உள்ளடக்கம் சமணப் பாகுபாட்டுக்கு வியப்பூட்டும் அளவு நெருக்கமானது.

மறுபக்கத்தில் உத்தியோகி என்னும் சலுகை இவ்வட்டாரத்தில் பொருந்தாமல் நிற்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். ஏர் முனையில் புழு மடிவதை எண்ணி வகுக்கப்பட்ட அச்சலுகை, ஓர் ஆற்றின் உயிர்வளியையே குறைக்கும் கழிவுக்கும் நீளுமானால், முள்ளில் ஒரு விராலை இழுத்தவர் குற்றவாளியாகவும் ஏரி முழுவதையும் மூச்சுத் திணறவைத்தவர்கள் தொழில் செய்தவர்களாகவும் ஆகிவிடுவர். எண்ணத்தை மட்டும் அளக்கும் அறத்தின் குறை இது.

மீனைத் திரும்ப விடுவதற்குச் சைவ மரபில் ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. நாகப்பட்டினத்து நுளையர் குலத்தவரான அதிபத்த நாயனார், ஒவ்வொரு நாளும் வலையில் பட்டவற்றுள் தலைமீன் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவந்தார் என்றும், ஒரே மீன் கிடைத்த வறுமை நாட்களிலும் அதையே விட்டார் என்றும், இறுதியில் பொன்னும் மணியுமாய் ஒளிர்ந்த மீன் அகப்பட்டபோதும் தயங்காமல் விட்டார் என்றும் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணம் கூறுகிறது. நாகையில் ஆவணி மாதத்தில் பொன்மீன் விடும் விழா இன்றும் நடைபெறுகிறது. அவர் மீன்பிடித் தொழிலை விட்டுவிட வேண்டும் என்று புராணம் கேட்கவில்லை. கொல்லாமையைத் தலைமேற்கொண்ட சமயச் சூழலில் இது சாதாரணச் செய்தி அன்று. ஆனால் அவர் விட்ட மீன் அவருக்கு அன்றைய உணவு. அணைக்கரைப் பணியாளர் விடும் மீன் அவருக்குத் தேவையே இல்லாத ஒன்று. செயல் ஒன்றேயாயினும் ஒருவர் தம்முடையதை இழக்கிறார், மற்றவர் தம்முடையதல்லாத ஒன்றின் மீது தாம் தேடிக்கொண்ட உரிமையைத் திருப்பித் தருகிறார். இவ்விரண்டையும் ஒரே பெயரால் போற்றுவது நாயனாருக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

இனி முதற்கேள்விக்கு, அதாவது மீனின் ஆசைக்குத் திரும்பலாம். விராலின் இணை, மழைக்காலத்தில் களைகளுக்கிடையே சிறு இடத்தைத் துப்புரவாக்கி முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் செந்நிறத் திரளாக நீரின் மேற்பரப்பில் மிதந்து காற்றுக்காக அடிக்கடி மேலெழ, பெற்ற மீன்கள் கீழே நின்று காவல் காக்கும். அந்தச் செந்திரளைக் கண்ட தூண்டிற்காரர், அதன் நடுவே தகட்டையோ ரப்பர் தவளையையோ இழுத்துச் செல்வார்; தாய் மீனோ தந்தை மீனோ சீறியெழுந்து கடிக்கும். இங்கே கடித்தது நாக்கு அன்று. இரையென்று எண்ணியும் அது கடிக்கவில்லை. குஞ்சுகளிடம் வந்த பகையென்று எண்ணியே கடித்தது. சமணப் பாகுபாட்டைச் சற்றே துணிந்து மீனுக்கும் நீட்டினால், அது செய்தது விரோதி, அதாவது தற்காப்பு. சுவையால் கெட்ட மீன் என்ற பழைய சான்று இந்தக் கடிக்கு முன்னால் செல்லாது. மீனின் மேல் ஏற்றிவைத்த பழியில் இந்தப் பங்கு மீனின் மேல் நிற்க மறுத்துக் கோலைப் பிடித்த கைக்குத் திரும்பி வருகிறது. பாஸ் மீனிலும் ஆண் கூட்டைக் காக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் பல பகுதிகளில் வசந்தகாலத்தில் அதைப் பிடிக்கத் தடை இருப்பதற்குக் காவலிழந்த குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்றுவிடும் என்ற கணக்கே காரணம், கருணை அன்று. காரணம் எதுவாயினும் அந்தத் தடை சரியான இடத்தில் கோடு கிழித்துள்ளது. குஞ்சுத் திரளின் மேல் வீசுவதற்கு, பிடித்தபின் விட்டாலும் விடாவிட்டாலும், இங்கே எடுத்துக்கொண்ட மரபுகள் எவற்றிலும் நியாயம் காண இயலவில்லை. விடப்பட்ட மீன் திரும்பி வருவதற்குள் திரள் கலைந்திருக்கும்.

இதற்கு எதிராக வைக்கத்தக்க ஒரே வழக்கு அமெரிக்காவிலிருந்து வருகிறது. ஆசியாவின் பெரிய விரால் இனங்களுள் ஒன்று 2000ஆம் ஆண்டில் புளோரிடாவின் நீர்நிலைகளில் கண்டறியப்பட்டது. அயல் இனமான அதைப் பிடித்தால் திரும்ப விடாமல் கொல்லும்படி அம்மாநில வனவுயிர்த் துறை தூண்டிற்காரர்களைக் கேட்டுக்கொள்கிறது. அங்கே குஞ்சுகளைக் காக்கும் விரால் மீது தகட்டை வீசுவது, பாஸ் உள்ளிட்ட உள்ளூர் மீன்களைக் காக்கும் பணியாகக் கருதப்படக்கூடும். சமண ஆசிரியர் ஒருவர் இதையும் சங்கல்பி என்றே எழுதியிருப்பார். வாய்மைக்கு விளைவைக் கொண்டு இலக்கணம் சொன்ன வள்ளுவர் அதே அளவுகோலை இங்கும் பயன்படுத்தியிருப்பாரா என்பதற்கு, கொல்லாமை அதிகாரத்தின் கண்டிப்பைக் காணும்போது, ஆம் என்று எளிதில் விடை கூற இயலாது.