எதைக் கண்டு திடுக்கிடுகிறோம்?

நம் திருவாலங்காட்டில் 1905-ஆம் ஆண்டு கிடைத்த செப்பேடுகள் 31. அவற்றின் வடமொழிப் பகுதி, முதலாம் இராசேந்திர சோழனின் படை கடல் கடந்து கடாரத்தை வென்றதைப் புகழ்கிறது. அக்கடாரமே இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம் என்பர் ஆய்வாளர். 1786-இல் ஆங்கிலேயர் வசமாகும் வரை பினாங்குத் தீவும் கெடா சுல்தானுக்கே உரியதாயிருந்தது. ஆகவே நான்கு நாள் பயணமாகத் துணைவியாருடன் பினாங்குக்குப் புறப்பட்டபோது, அயல்நாடு செல்கிறோம் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை.

இறங்கியதும் கண்டவையும் அவ்வாறே இருந்தன. சூலியா தெருவில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஒரு தர்கா. மூலைக்கு மூலை ‘நாசி கண்டார்’ கடை. நம்மவர் முன்னாளில் தோளில் தண்டு சுமந்து சோறும் குழம்பும் விற்றதால் வந்த பெயர் அது. 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், தமிழ் முஸ்லிம்களின் தலைவராயிருந்த காதர் முகைதீனின் நினைவைத் தாங்கி நிற்கிறது. (‘கெலிங்’ என்பது இன்று அங்கே நம்மவரை இழித்துரைக்கும் சொல். பள்ளியின் பெயரில் மட்டும் மரியாதையோடு இருக்கிறது. சொற்களுக்கும் நல்ல காலம், கெட்ட காலம் உண்டு போலும்!)

நாம் திடுக்கிட்டது மஃரிபு வேளையில். பெண்கள் கூட்டங்கூட்டமாகப் பள்ளிக்குள் வந்தார்கள். வெண்ணிறத் தொழுகை உடையை அணிந்து தமக்குரிய பகுதியில் அணிவகுத்தார்கள். தடுப்பாரும் இல்லை, வியப்பாரும் இல்லை. நாம் ஒரு சொல் சொல்லும் முன்னரே நம் துணைவியாரும் அவர்களோடு கலந்துவிட்டார். தொழுகை முடிந்து வெளிவந்தவரிடம், “கேட்டுவிட்டுப் போயிருக்கலாமே” என்றோம். “யாரிடம் கேட்க வேண்டும்? அல்லாஹ்விடமா, உங்களிடமா?” என்றார்.

விடை சொல்ல இயலவில்லை. மலாய் மக்கள் பின்பற்றுவது ஷாஃபிஈ மத்ஹப். நம் கடற்கரை ஊர்கள் பலவற்றிலும் அதுவே. பெண்களைப் பள்ளிகளை விட்டுத் தடுக்கலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸ் இருப்பதை அங்குள்ளோரும் அறிவர், இங்குள்ளோரும் அறிவர். அவர்களுக்கு இல்லமே சிறந்தது என்னும் அறிவிப்பையும் இருவரும் அறிவர். நூல் ஒன்று, மத்ஹப் ஒன்று. வேறுபட்டது வழக்கம் மட்டுமே. அவ்வழக்கத்தைத்தான் அதுகாறும் மார்க்கம் என்று நினைத்திருந்தோம்.

அன்றிரவு நினைவுக்கு வந்தவர் இப்னு பதூதா. மொராக்கோவில் பிறந்த அந்தப் பயணி 1343-44-இல் மாலத்தீவின் மாலே நகரில் காஜியாக அமர்ந்தார். அங்குள்ளோரின் இறையச்சத்தையும் நேர்மையையும் அவர் மனமாரப் புகழ்கிறார். ஆனால் பெண்கள் இடையில் ஒற்றை ஆடை மட்டும் உடுத்தி, மேனியின் மேற்பகுதியை மூடாமல் நடமாடியது அவருக்குப் பொறுக்கவில்லை. மாற்ற முயன்று தோற்றார். மணமுறிவுக்குப் பின்னரும் பெண்கள் முன்னாள் கணவர் வீட்டிலேயே இருந்துவந்ததைக் கண்டித்து, அந்த ஆடவர்களை அடிப்பித்தார். திருடன் ஒருவனின் கையைத் துண்டிக்க அவர் ஆணையிட்டபோது அவையில் இருந்த தீவினர் பலர் மயங்கி விழுந்தனர் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அவர்களைக் கண்டு இவர் திடுக்கிட்டார். இவரைக் கண்டு அவர்கள் திடுக்கிட்டனர். இரு சாராரும் முஸ்லிம்களே.

அதே மனிதர் அடுத்து நம் தமிழகத்துக்கு வந்தார். மதுரையை ஆண்ட கியாசுத்தீன் தாமகானி அவருக்கு மனைவி வழி உறவினர். ஒருநாள் சுல்தானுடன் உணவருந்திக்கொண்டிருக்கையில், சிறைப்பட்ட இந்து ஒருவரும் அவர் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்பட்டு வெட்டப்பட்டனர். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றொரு நாள் இன்னொரு கைதியின்மீது கத்திகள் உருவப்பட்டபோது எழுந்தார். எங்கே போகிறீர் என்று கேட்டான் சுல்தான். அஸர் தொழப் போவதாகச் சொன்னார். சுல்தான் புரிந்துகொண்டு சிரித்தான். இக்கொடுமையாலேயே அவனுக்கு விரைவில் சாவு வந்தது என்று பின்னாளில் எழுதினார். ஆனால் அவன் எதிரில் வாய் திறந்ததாகச் சொல்லவில்லை.

எளிய தீவுப் பெண்களின் ஆடைக்காகச் சட்டம் பேசிய நாவு, வாளேந்திய மன்னன் முன் தொழுகை நேரத்தை நினைவுகூர்ந்தது. அவர் தம் கோழைத்தனத்தையும் மறைக்காமல் எழுதினாரே, அதற்காகவேனும் அவரைப் போற்ற வேண்டும். ஏனெனில் நாமும் ஒன்றை எழுதியாக வேண்டியிருக்கிறது.

பள்ளிக்குச் செல்லும் முன் ஓர் உணவுக்கடையில் அமர்ந்திருந்தோம். தட்டெடுத்துக்கொண்டிருந்த இளைஞன் நம் பேச்சைக் கேட்டு முகம் மலர்ந்தான். திருத்தணிப் பக்கத்துப் பிள்ளை. வந்து இரண்டாண்டு ஆகிறதாம். நாளுக்குப் பதினான்கு மணி நேர வேலை. பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில். அவ்வாறு வாங்கி வைத்துக்கொள்வது அந்நாட்டுச் சட்டத்துக்கே மாறானது என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. முதலாளி நம்மவர்; கல்லாவில் இருந்தபடியே ஸலாம் சொல்லி, தேநீருக்குக் காசு வேண்டாமென்றார். “பொறுமையாயிரு தம்பி, இறைவன் வழிவிடுவான்” என்று அவன் தோளைத் தட்டினோம். மஃரிபுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தோம்.

அப்போது நாம் திடுக்கிடவில்லை. அடுத்த கால்மணியில், பள்ளி வாயிலில், தொழ வந்த பெண்களைக் கண்டே திடுக்கிட்டோம்.

புறப்படும்போது அவன் ஓடிவந்து தன் தாயாரின் முகவரியை எழுதிக் கொடுத்தான். “நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க ஐயா” என்றான். ஊர் திரும்பி மூன்று வாரங்களாகின்றன. அந்த வீட்டு வாசல்வரை இருமுறை சென்று திரும்பியிருக்கிறோம். வருகிற ஞாயிறு தாமும் உடன் வருவதாகச் சொல்கிறார் துணைவியார்.