சுற்றுப்பாதையில் பயணியும் குடியிருப்பவரும்

சமயக் கடமைகளில் பலவும் நிலத்தில் நிற்கும் உடலை எண்ணி வகுக்கப்பட்டவை. கதிரவன் எழுவதும் சாய்வதும் அவற்றின் காலத்தையும், புனிதத் தலம் அமைந்த பக்கம் அவற்றின் திசையையும், காலுக்கும் நெற்றிக்கும் கிடைக்கும் தரை வணக்கத்தின் நிலைகளையும் தீர்மானிக்கின்றன. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இம்மூன்றும் ஒருசேர நழுவுகின்றன. அங்கே ஒரு நாளில் 16 முறை கதிரவன் உதிப்பதால், உதயங்களை அப்படியே கணக்கில் கொண்டால் இஸ்லாத்தின் ஐவேளைத் தொழுகை எண்பது வேளையாகிவிடும்.

விண்ணில் எப்போது, எத்திசையில் தொழுவது என்ற கேள்வியை ஏட்டளவில் நிற்கவிடாமல் செய்தது, வியப்புக்குரிய விதத்தில், ஆயுத வணிகம். ரஷ்யாவிடமிருந்து 18 சுகோய் போர் விமானங்களை வாங்கிய மலேசியாவுக்கு, ஈட்டுச் சலுகையாக, அதாவது பெருந்தொகைக் கொள்முதலுக்கு ஈடாக விற்பவர் தரும் கூடுதல் பலனாக, சோயுஸ் விண்கலத்தில் ஓர் இருக்கை கிடைத்தது. அதில் 2007 அக்டோபர் 10 அன்று, ரமலான் மாதம் முடியும் தறுவாயில், மருத்துவர் ஷேக் முஸாஃபர் ஷுகோர் புறப்பட்டார். அவருக்காக மலேசிய மார்க்க அறிஞர்கள் வகுத்த வழிகாட்டுதல், தொழும் திசையான கிப்லாவுக்குப் படிநிலை ஒன்றைத் தந்தது: இயன்றால் மக்காவிலுள்ள கஅபா, இல்லையேல் கஅபாவுக்கு நேர்மேலே விண்ணில் அதன் நீட்சியாகக் கொள்ளப்படும் இடம், அதுவும் இயலாவிட்டால் பூமி, எதுவுமே இயலாதபோது எத்திசையும். தொழுகை நேரங்களோ விண்கலம் ஏவப்பட்ட பைக்கனூரின் கடிகாரத்தோடு பிணைக்கப்பட்டன.

இவ்விடைகள் விண்வெளிக்கெனப் புதிதாகப் புனையப்பட்டவை அல்ல. ஓராண்டு நீளும் ஒரு நாள் வரும் என்று நபிகள் நாயகம் கூறியபோது, அந்நாளில் ஒரு நாளைய தொழுகை போதுமா என்று தோழர்கள் வினவ, நேரத்தைக் கணித்துத் தொழுமாறு அவர் விடையளித்ததாக ஒரு ஹதீஸ் உண்டு; கதிரவன் மறையாத துருவப் பகுதிகளுக்கும் சட்ட அறிஞர்கள் அதையே ஆதாரமாகக் காட்டுவர். ஆற்றலுக்கு மீறிய கடமை இல்லை என்ற கொள்கையும் உடன்நின்றது. வைதிகச் சடங்கின் தொடக்கத்தில் நாட்டையும் காலத்தையும் பெயரிடும் சங்கல்பத்துக்கும் இதே சிக்கல் உண்டு என்றாலும், அதை ஒரு நிறுவனம் முறையாக எடுத்து விவாதிக்கும் தேவை மலேசியாவில் எழுந்ததுபோல் இந்தியாவில் எழவில்லை.

எனினும் கணிப்பையும் ஆற்றலையும்விட ஆழமான ஓர் அனுமானம் இங்கே அடியில் கிடக்கிறது: விண்ணில் இருப்பவர் பயணி, ஆகவே திரும்புவார். பயணிக்கு (முஸாஃபிர்) நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) கொண்ட தொழுகையை இரண்டாகச் சுருக்கவும் நோன்பைப் பின்னர் நோற்கவும் சலுகை உண்டு. 2023 மார்ச்சில் ஆறு மாதப் பணிக்குச் சென்ற ஐக்கிய அரபு அமீரகத்தின் சுல்தான் அல் நெயாதி, தாம் பயணி என்பதால் நோன்பு கட்டாயமில்லை என்றார். அவருடைய இருக்கை அமெரிக்காவின் ஆக்சியம் நிறுவனத்தின் வழியே பெறப்பட்டது. ஆயுதப் பேரத்தின் உபரியாக ஒரு காலத்தில் வந்தது இப்போது சந்தைப் பண்டமாகிவிட்டது. ஆனால் பயணி என்ற நிலைக்கு எல்லை உண்டு. ஓரிடத்தில் நான்கு நாள் தங்க எண்ணினாலே, இஸ்லாமியச் சட்டமரபுகளுள் ஒன்றான ஷாஃபிஈ வழியில் அது முடிகிறது. ஹனஃபி வழியில் பதினைந்து நாள். ஆறு மாதம் தங்கியவர் பயணியாகவே நீடிப்பது, நிலையத்தை ஊராகக் கருதாமல் ஓயாது ஓடும் கலமாகக் கருதும்போதுதான் பொருந்தும். அது நியாயமான வாதமே.

ஆனால் விண்வெளிப் பொருளாதாரம் விற்க முனைவது ஓட்டத்தை அல்ல, உறைவிடத்தை. திரும்பிவராத செவ்வாய்க் குடியேற்றத்தை அறிவித்த டச்சு முயற்சியான மார்ஸ் ஒன் 2019இல் திவாலானபோதும் அந்த ஆசை திவாலாகவில்லை. இன்றைய நிலையம் ஓய்வுபெற்றபின் அதன் பணியை ஏற்கத் தனியார் நிலையங்கள் திட்டமிடப்படுகின்றன. அங்கே கலம் என்ற வாதமும் நெடுநாள் தாங்காது. குடும்பத்தோடு கப்பலிலேயே வாழ்ந்து, கரையில் வேறு வீடில்லாத மாலுமிக்குப் பயணச் சலுகை இல்லை, அவர் தொழுகையை முழுமையாகவே தொழ வேண்டும் என்பது ஹன்பலி சட்டமரபின் பழைய தீர்ப்பு.