"நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதில் நம் கடனை அடைக்குமா?



நம் மகாராஜபுரத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்திலிருந்தும் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போகிறார்கள். ஊரில் தனித்திருக்கும் அத்தாவை, அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவமா என்ற கேள்வி அதனால்தான் எழுகிறது.

ஆதரவற்ற முதியவரைச் சமூகம் பராமரிப்பது மார்க்கத்திற்கு அந்நியமானதல்ல. யாசகம் கேட்டு நின்ற பார்வையற்ற முதிய யூதர் ஒருவருக்கு பைத்துல்மாலிலிருந்து உதவி வழங்கும்படி உமர் (ரலி) அவர்கள் உத்தரவிட்டதை, இமாம் அபூயூசுஃப் (ரஹ்) 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளையில்லாதவருக்கும், இடைவிடாத மருத்துவக் கவனிப்பு தேவைப்படுபவருக்கும் நல்ல இல்லம் ஒரு ரஹ்மத்.

ஆனால் பிள்ளைகள் இருக்கும்போது? "அத்தாவே நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிட்டாங்க" என்கிறோம். அந்தப் பதிலைச் சற்று யோசியுங்கள். வேளைக்குச் சோறும் மாத்திரையும் கிடைப்பதால் அவர் உண்மையாகவே சொல்லியிருக்கலாம். மகனுக்குச் சிரமம் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். இனி எதையும் எதிர்பார்ப்பதில்லை என்று மனதைச் சுருக்கிக்கொண்டும் சொல்லியிருக்கலாம். கவனிப்பில் திருப்தி வேறு, மனமகிழ்ச்சி வேறு.

கனாஅத் எனும் போதுமென்ற மனம் உயர்ந்த குணம்தான். அந்த நன்மை அவருடைய ஏட்டில் எழுதப்படும். கடன் கொடுத்தவர் பொறுமையாக இருக்கிறார் என்பதற்காக வாங்கியவரின் கடன் தீர்ந்துவிடுமா?

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-வது வசனம் பெற்றோரின் முதுமையைச் சொல்லும்போது 'இந்தக' என்ற சொல்லைச் சேர்க்கிறது. 'உன்னிடத்தில்' என்பது அதன் பொருள். தொடர்ந்து, சலிப்பான ஒரு சொல்லும் கூடாது, கண்ணியமாகப் பேசு என்கிறது. அங்கே விசேஷமாகச் சொல்லப்படுவது சோறு அல்ல, பேச்சு. சோற்றை ஊழியர் கொடுக்கலாம். பிள்ளையின் பேச்சை யார் கொடுப்பார்? வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பேச்சுக் கொடுக்காமல் மூலையில் ஒதுக்கினால் அதுவும் 'உன்னிடத்தில்' ஆகாது.

நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. தீர்ப்பாயத்தில் முறையிட்டு, மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற அது வழிசெய்தது. சட்டம் பணத்தை வாங்கித் தரும். மகனைக் கட்டிலருகே உட்கார வைக்காது.

ஆகவே, வேறு வழியின்றிச் சேர்த்திருந்தால், அவர்கள் சம்மதத்தோடுதான் சேர்த்தோமா என்று உங்களையே கேளுங்கள். போனில் "நல்லா இருக்கீங்களா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நேத்து யாரோட பேசிக்கிட்டு இருந்தீங்க? ராத்திரி தூக்கம் வந்துச்சா? என்ன சாப்பிட ஆசையா இருக்கு?" என்று கேளுங்கள். பேரப்பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பெருநாளன்று அவர்கள் வீட்டில் இருக்கட்டும். பிள்ளையில்லாத முதியவரை நம் ஜமாஅத் போய்ப் பார்க்கட்டும்.

பெற்றோரின் மனம் குளிர நடக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.