போய் வருதல்

ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு கண்டவர். வடகிழக்கு ஜப்பானில் ஜனவரி 15-ஐ ஒட்டிய சிறு புத்தாண்டில் எழும் 'ஹொங்கா ஹொங்கா' என்ற கூவலை நம் 'பொங்கலோ பொங்க'லுடன் சேர்த்துப் பார்த்தார். நம்மவர்களுக்கு இதில் ஏகக் குதூகலம். ஒலி ஒத்தால் உறவு என்ற அவசரம் எனக்கு உவப்பில்லை. மொழியியலாளர் பலரும் இதை ஏற்கவில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறு சொல். வீட்டைவிட்டுக் கிளம்பும் ஜப்பானியர் 'இத்தே கிமாஸ்' என்கிறார். இத்தே, போய், கிமாஸ், வருகிறேன். உள்ளே இருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்', போய் வாருங்கள், என்கிறார். ஒலியில் ஒட்டு இல்லை. வழக்கம் அப்படியே நம்முடையது. வெறுமனே 'போறேன்' என்றால் எங்கள் சேலத்துப் பாட்டிகள் இன்றும் அதட்டுவார்கள்.

திரும்பி வருவேன் என்பது தகவலா, வாக்குறுதியா? சில வாக்கியங்கள் செய்தி சொல்வதில்லை, காரியம் செய்கின்றன என்றார் ஆஸ்டின் (அவர் இறந்தபின் 1962-இல் வந்த புத்தகம்). மெய், பொய் என்ற அளவுகோல் அவற்றுக்குப் பொருந்தாது. பாங்க்கில் கணக்கை முடித்துப் பணத்தை எண்ணிக்கொண்டவரும் 'வர்றேனுங்க' என்றுதான் போகிறார். பொய்யென்று யார் சொல்வது? அதுவரை சரி.

பெரியப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். கல்கத்தா, கௌஹாத்தி என்று வாரக்கணக்கில் போவார். அவர் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லும்வரை பெரியம்மா வாசற்படியில் நிற்பாள். கடைசியில் படுக்கையில் விழுந்தார். ஒரு ஞாயிறு பார்த்துவிட்டு எழுந்தேன். 'போயிட்டு வர்றேனுங்க பெரியப்பா' என்று வாய் சொல்லிவிட்டது. டாக்டர் கொடுத்த கெடு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. 'போயிட்டு வா கண்ணு' என்றார்.

1797-இல் பொய்யைப் பற்றி எழுதிய காண்ட்டிடம் கேட்டால் கறாராகத் தீர்ப்பு வரும். வாய்ப்பழக்கம் என்று தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. வெறும் பழக்கமென்றால் இழவு வீட்டில் அதே வாய் எப்படி மறக்காமல் நிறுத்திக்கொள்கிறது? அங்கே யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. ஆக, சொல்லின் அர்த்தம் தேய்ந்துபோகவில்லை, தெரிந்துதான் சொன்னேன். ஆனால் அவர் சொன்ன பதில்? வாழ்நாளெல்லாம் கிளம்புகிறவராக இருந்தவர், அன்று படியில் நிற்பவரின் சொல்லை எடுத்துக்கொண்டார். கிளம்பிக்கொண்டிருந்தவர் அவர்தான். என்னுடையது பொய்யென்றால் அவருடையது அதைவிடப் பெரிய பொய். அதை அப்படி அழைக்க எனக்கு மனம் வரவில்லை. தர்க்கம் இங்கே நொண்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

புதன்கிழமை வந்தேன். எடுத்து முடிந்ததும் பெரியம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.