முகமும் வீடும் சாட்சியும்

சிவப்பு, பச்சைக் கண்ணாடிகளின் வழியே ஒரு கண்ணுக்கு முகத்தின் படத்தையும் மற்றொரு கண்ணுக்கு வீட்டின் படத்தையும் ஒரே சமயத்தில் காட்டினால், மனிதன் இரண்டையும் கலந்து காண்பதில்லை. சில விநாடி முகம், சில விநாடி வீடு என்று காட்சி தானே மாறி மாறித் தோன்றும். அமெரிக்காவில் பிராங்க் டாங், நான்ஸி கான்விஷர் முதலிய விஞ்ஞானிகள், பிராணவாயு நிறைந்த இரத்தத்துக்கும் குறைந்த இரத்தத்துக்கும் உள்ள காந்த குண பேதத்தைக் கொண்டு மூளையின் எப்பகுதி கிளர்ச்சியுறுகிறது என்று காட்டும் எம்.ஆர்.ஐ. யந்திரத்துக்குள் சிலரைப் படுக்கவைத்து இதைச் சோதித்து, 1998-இல் வெளியிட்ட முடிவு, தத்துவ விசாரத்தில் பற்றுள்ள எவரும் அலட்சியம் செய்யத் தக்கதன்று. முகங்களுக்கே சிறப்பாக உரியதென்று கான்விஷர் குழுவினர் முந்தைய ஆண்டில் காட்டியிருந்த பகுதி, முகம் தோன்றியபோது எழுந்தது, வீடு தோன்றியபோது தணிந்தது. கண்முன் இருந்த படங்களோ இம்மியும் மாறவில்லை. ஆகவே அங்கே பதிவாவது புறப்பொருளின் வெறும் பிரதிபிம்பம் அன்று. 'இது முகம்' என்று நியாய நூலார் சவிகற்பம் எனக் கூறிய நிச்சய ஞானத்தின் சுவடே அது எனலாம்.

2012-இல் ஸ்டான்போர்டில், வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையில் மின்வாய்கள் பொருத்தப்பெற்றிருந்த ஒருவருக்கு அப்பகுதியில் மின்சாரம் செலுத்தியபோது, எதிரிலிருந்த வைத்தியரின் முகம் வேறொருவர் முகமாக உருமாறியதாக அவர் சொன்னார். இதையெல்லாம் கேட்டு, 'மனத்தையே மாமிசத்தில் கண்டுவிட்டார்களே, இனி ஆன்மாவுக்கு இடமேது?' என்று கலங்குவோர் உண்டு. மனத்தையும் ஆன்மாவையும் ஒன்றாக்கிச் சடத்தினின்று பிரித்துவைத்த டேகார்ட்டின் வழிவந்தோருக்கு அக்கலக்கம் நியாயமே. மனம், புத்தி, அகங்காரம் ஆகியவற்றைச் சடமென்றே துணிந்து, அறிபவனை அவற்றுக்கு அப்பால் வைத்த சாங்கியருக்கும் சைவ சித்தாந்திகளுக்கும் இதில் அதிர்ச்சி ஏதுமில்லை.

அதற்காக நம்மவர் வெற்றிச் சங்கு ஊதவும் வேண்டுவதில்லை. எம்.ஆர்.ஐ. முறை காட்டுவது ஒரு நிலைக்கும் மற்றொரு நிலைக்கும் உள்ள வித்தியாசத்தையே. முகம் கண்ட நிலையினின்று வீடு கண்ட நிலையைக் கழித்து எஞ்சுவதுதான் படமாகிறது, இரண்டிலும் மாறாதிருப்பது எதுவாயினும் கணக்கில் அடிபட்டுப் போகிறது. முகம் போய் வீடு வந்தபோதும் மாறாதிருப்பது என்றல்லவா வேதாந்திகள் சாட்சிக்கு இலக்கணம் வகுத்தார்கள்? கழிக்கப்பட்டது தென்படவில்லை என்பதால் அது இல்லையென்று ஆகிவிடாது. தென்படாமையே அதன் இருப்புக்கு ஆதாரமென்று வாதிப்பதும் தர்க்கமாகாது. ஆன்மா உண்டென்போரும் இல்லையென்போரும் அந்தப் படங்களைத் தத்தம் கட்சிக்குப் பிரமாணமாக மேடையில் காட்டுவதை இனியேனும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.