உயிரில்லாத துணை: குழந்தைகள் சிகிச்சையில் எந்திர மனிதன்



நடக்க இயலாத குழந்தையை நடக்கப் பழக்கும் பணியை உயிரில்லாத ஓர் எந்திரத்திடம் ஒப்படைக்கலாமா என்னும் வினா இன்று நம் இல்லங்களின் வாயிலுக்கே வந்துவிட்டது. இராஜபாளையத்தில் மூளை முடக்குவாதத்தால் கால்கள் இறுகிய மகனைப் பெற்ற ஒரு தாய், தம் நகைகளை விற்றுப் பெருநகரம் சென்று எந்திரச் சிகிச்சை அளிக்கலாமா என்று நம்மிடம் கேட்டார். திருவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த அவருடைய மாமியாரோ, “உசுரில்லாத இரும்புல பச்சப் புள்ளயக் கட்டி வைக்கிறதாம்மா?” என்று கண்கலங்கினார். இருவர் கூற்றிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே இரண்டையும் நிறுத்துப் பார்ப்பது நம் கடமையாகிறது.

முதலில் அவ்வெந்திரம் செய்வது யாது என்பதை அறிவோம். மூளையின் ஒரு பகுதி பழுதுற்ற குழந்தைக்கு, ஓர் அசைவைப் பன்முறை திரும்பத் திரும்பச் செய்வதால் மூளையில் புதிய வழிகள் உருவாக இடமுண்டு. சுவிட்சர்லாந்தில் உருவான ‘லோக்கோமாட்’ என்னும் கருவியில், குழந்தையின் உடல் பட்டைகளால் தாங்கப்பெற்று ஓடும் தளத்தின்மேல் நிறுத்தப்படுகிறது. இருகால்களிலும் பொருத்திய எந்திரக் கவசங்கள் நடைக்குரிய முறையில் கால்களை அசைக்கின்றன. இதையே கையால் செய்வதானால், காலுக்கு ஒருவராகக் குனிந்து அமர்ந்து செய்ய வேண்டும். சிறிது நேரத்திலேயே அவர்தம் முதுகு நொந்துவிடும். திருவனந்தபுரத்தின் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் ‘ஜி-கெய்ட்டர்’ என்னும் நடைப்பயிற்சி எந்திரத்தைச் செய்துள்ளது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து, கைப்பயிற்சிக்கென ‘புளூட்டோ’ என்னும் சிறு கருவியை உருவாக்கியுள்ளன.

மற்றொரு வகை, குழந்தையோடு பேசி விளையாடும் எந்திரப் பொம்மை. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் 2005 முதல் வளர்த்துவந்த ‘கேஸ்பர்’, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காகவே எளிய முகக்குறிப்புகளோடு அமைக்கப்பட்டது. மனித முகம் கணந்தோறும் மாறுவது. அம்மாற்றம் அக்குழந்தைகளைத் திகைக்கச் செய்யும். எந்திரத்தின் முகமோ எதிர்பார்த்தபடியே இருப்பதால் அச்சம் தணிகிறது.

இனி மாமியாரின் ஐயத்துக்கு வருவோம். உயிரற்றது உயிருக்கு உதவுமா? உயிர், உயிரல்லது என்னும் பகுப்பிலிருந்து தொடங்குவது நம் தத்துவம். அறிதலும் காண்டலும் உயிரின் இலக்கணம். அவை எந்திரத்துக்கு இல்லை. எனினும் உயிரல்லாதவற்றுள் தர்மாஸ்திகாயம் என ஒன்றை நம் ஆசாரியர்கள் வகுத்து, அதற்கு மீனையும் நீரையும் உவமை காட்டினர். நீர் மீனைப் பிடித்துத் தள்ளுவதில்லை, நீந்துவது மீனே. ஆயினும் நீரின்றி நீச்சல் இல்லை. உயிரற்ற துணைக்குரிய இடத்தை இவ்வுவமை நன்கு வரையறுத்துக் காட்டுகிறது.

வியப்பு என்னவெனில், இக்கருவிகளை ஆக்குவோரும் இதே முடிவுக்கு வந்திருக்கின்றனர். எந்திரமே காலை முழுதும் இழுத்துச் சென்றால், குழந்தை முயலாமல் தொங்கிக்கொண்டிருக்கும். மூளை ஒன்றும் கற்காது. ஆகவே, குழந்தை முயலுமளவு முயலவிட்டு, குறைவதை மட்டும் நிரப்புமாறு கருவியை அமைக்க வேண்டும் என்பது அத்துறையின் கொள்கை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நாமும் இதையே சொல்லிவந்தோம்: எழுதப் பழகும் பிள்ளையின் கையைப் பிடிக்கலாம், எழுதுகோலை நகர்த்துவது பிள்ளையின் விரலாகவே இருக்க வேண்டும். இவ்வரம்புக்குள் நிற்கும் எந்திரம், கண்ணாடியும் ஊன்றுகோலும் போல ஒரு துணைப்பொருளே. அதில் பிள்ளையைக் கட்டுவது கொடுமையன்று.

ஆனால் எந்திரத்தைப் புகழ்வோர் ஒன்றைச் சொல்கின்றனர்: “அதற்குச் சலிப்பில்லை, சினமில்லை; மனிதரைவிடப் பொறுமையானது.” இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். சினம் எழக்கூடியவன் அதை அடக்குவதே பொறுமை. சினமே இல்லாத பொருளுக்குப் பொறுமையும் இல்லை. சுவர் பொறுத்துக்கொள்கிறது என்று யாரும் போற்றுவதில்லை. ஒரே அசைவை நூறாவது முறை செய்விக்கும்போது சலிப்பு மேலிட, அதை விழுங்கிவிட்டு, “இன்னும் ஒருமுறை, கண்ணு” என்கிறாரே ஒரு தாய், அவரிடம் இருப்பது உத்தம க்ஷமை. தன்பொருட்டு ஒருவர் தம் சலிப்பை வென்றார் என்பதைக் குழந்தை உணர்கிறது. தான் பொருட்படுத்தத் தக்க உயிர் என்பதையும் அதனால் உணர்கிறது. எந்திரம் எண்ணிக்கையைத் தரலாம். இவ்வுணர்வைத் தர இயலாது.

அவ்வாறாயின் மனிதக் கையே எங்கும் மேலானதோ எனின், அன்று. ஜி-கெய்ட்டரைச் செய்த அதே நிறுவனம், 2018இல் ‘பேண்டிகூட்’ என்னும் எந்திரத்தைக் கொணர்ந்தது. அது பாதாளச் சாக்கடைக்குள் மனிதன் இறங்காதபடி தானே இறங்கித் தூய்மை செய்வது. மனிதன் இறங்கினால் உயிர்போகும் இடத்தில் எந்திரம் இறங்குவதே அகிம்சை. அங்கே மனிதக் கை முற்றிலும் விலக வேண்டும். சிகிச்சையிலோ பளு மட்டும் எந்திரத்துக்கு மாற, கை குழந்தையின் அருகிலேயே இருக்க வேண்டும். 1936இல் தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் முதலாக, நூற்பாலைகளோடு வளர்ந்த நம் ஊராருக்கு இது புதிதன்று. கதிர்கள் தாமே சுழன்று நூற்கின்றன; இழை அறுந்தால் ஒட்டிவிட ஒரு விரல் வேண்டியிருந்தது. குழந்தை அழும்போதும், இன்று வேண்டாமென்று முகம் திருப்பும்போதும் அறுவது அத்தகைய இழையே.

வாய்மை என்னும் விரதமும் இங்கே தொடர்புடையது. பொம்மையோடு பேசுவது விளையாட்டு, அதில் பொய்யில்லை. ஆனால் “இது உன்னை நேசிக்கிறது” என்று பெரியவர் உறுதி கூறுவாராயின், அது ஏமாற்றாகும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள 12 குழந்தைகளின் வீடுகளில் ஒரு மாதம், நாளும் அரைமணி நேரம், எந்திரப் பொம்மை பயிற்சி தந்தது. பெற்றோர் உடனமர்ந்தே அப்பயிற்சி நடந்தது. அதன் நோக்கம் குழந்தையின் பார்வையைப் பொம்மையிடம் நிறுத்துவது அன்று. பொம்மையின் வழியே பெற்றோரிடம் திருப்புவது. பாலத்தின் பயன் கடப்பதற்கே அன்றி, அதன்மேல் குடியிருப்பதற்கு அன்று.

அத்தாயின் வினாவுக்கு விடை இன்னும் மீதமிருக்கிறது. மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கு, அதே அளவு நேரம் கையால் தரும் முறையான பயிற்சியைவிட நடை எந்திரம் தெளிவாக மேலானது என்று ஆய்வுகள் இன்னும் நிலைநாட்டவில்லை. ஆகவே நகையை விற்பதன்முன் அருகிலிருப்பதை நாடுதல் நலம். ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வியின் வட்டார வள மையங்கள்வழி சிறப்பாசிரியரையும் இயன்முறை மருத்துவரையும் அணுகலாம். இராஜபாளையத்திலிருந்து தெற்கே செல்லும் சாலையில் தென்காசியை அடைந்தால், அருகில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த திரு. எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது அது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அச்சங்கத்தின் களப்பணியாளர்கள் சிற்றூர்களில் வீடு தேடிச் சென்று, கைபேசிச் செயலியின் துணையோடும் வல்லுநரின் வழிகாட்டுதலோடும், பெற்றோருக்கே பயிற்சிமுறையைக் கற்பிக்கின்றனர். அங்கேயும் கருவி உண்டு. அது பின்னே நிற்க, தாயின் கை முன்னே நிற்கிறது.

இதையே அத்தாயிடம் கூறினோம். நகை இருக்கட்டும், பிள்ளை தானே உட்காரவும், உண்ணவும், பள்ளிக்குச் செல்லவும் வேண்டிய பயிற்சியை முதலில் தொடங்குங்கள். எந்திரம் இதற்குமேல் எதைச் சேர்க்கும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் தெளிவாகச் சொன்னால் தயங்காது செல்லுங்கள். மாமியாரிடம், “அம்மா, அப்போது நீங்களும் உடன்சென்று பேரன் அருகில் நில்லுங்கள்” என்றோம்.

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் எனத் தானம் நான்கு. கருவி வாங்கித் தருவது ஔஷத தானம், நல்லதே. ஆனால் அஞ்சும் குழந்தையின் அருகே அமர்வது அபய தானம். நம்மவருள் பொருளுள்ளோர் முன்னதைச் செய்க. நேரம் மட்டுமே உடைய நம் போன்ற முதியோர், வாரம் ஒரு பிற்பகல் அத்தகைய வீடொன்றுக்குச் சென்று, களைத்த தாய் ஒருமணி நேரம் கண்ணயரப் பிள்ளையோடு அமர்ந்திருக்கலாம்.